46 வயதில் முன்தோல் ஆபரேஷன்: சுகர் உள்ள வாசகருக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 46. எட்டு வருடமாக சுகர். பலசரக்கு ஏஜென்சி வைத்திருக்கிறேன். பகல் முழுக்க பைக்கில் கடை கடையாக ஏறி இறங்கும் வேலை. ஒரு வருடமாக ஆணுறுப்பின் முன்தோல் நுனியில் கீறல் கீறலாக வெடிக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய க்ரீம் போட்டால் ஆறும், பத்து நாளில் மறுபடி வரும். இப்போது தோலைப் பின்னால் தள்ளவே முடியவில்லை. மனைவியுடன் சேர்ந்தால் ரத்தம் கசிகிறது. அவருக்கும் அடிக்கடி அரிப்பு. டாக்டர் முன்தோலை எடுத்துவிடச் சொல்கிறார். சின்ன வயதில் செய்வதை இந்த வயதில் செய்தால் ஆபத்தில்லையா? சுகரில் புண் ஆறுமா? எத்தனை நாள் லீவு? ஆண்மைக்கு ஏதாவது ஆகுமா? லேசரில் வலியே இல்லை என்று விளம்பரம் பார்த்தேன், செய்யலாமா? எங்கள் குடும்பத்தில் இந்த வழக்கம் கிடையாது, அம்மாவிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: நீங்கள் கேட்காத ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இத்தனை வருடம் ஒழுங்காக இருந்த தோல் இந்த வயதில் ஏன் இறுக வேண்டும்? காரணம் உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. சுகர்.

ரத்தத்தில் சர்க்கரை கூடினால் சிறுநீரிலும் இறங்கும். சிறுநீர் கழித்த பிறகு முன்தோலுக்குள் ஓரிரு துளி தங்கத்தான் செய்யும். அதில் சர்க்கரையும் இருந்துவிட்டால், அந்த வெதுவெதுப்பான ஈரத்தில் கேண்டிடா என்கிற பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தோல் சிவக்கும், அரிக்கும், நுனி வட்டத்தில் நெடுக்குவாட்டில் மெல்லிய வெடிப்புகள் விழும். வெடிப்பு ஆறும்போது தழும்பாகிறது. தழும்பான தோல் விரியாது. விரியாத தோல் அடுத்த முறை இன்னும் சுலபமாக வெடிக்கும். இப்படிச் சில சுற்றுகள் போனால் நுனியில் வெள்ளையாக, கெட்டியாக ஒரு வளையம் விழுந்துவிடும். அதற்கு மேல் க்ரீம் பூஞ்சையைக் கொல்லுமே தவிர வளையத்தைத் தளர்த்தாது. உங்களுக்கு ஆறுவதும் திரும்புவதுமாக இருப்பது அதனால்தான்.

தனக்கு சுகர் இருப்பதே தெரியாமல் இந்த வெடிப்பை மட்டும் காட்ட வருகிறவர்கள் நிறையப் பேர். ஆபரேஷன் பேச்சை எடுப்பதற்கு முன்னால் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் முந்நூறைத் தாண்டி நிற்கும். நாற்பது வயதுக்கு மேல் முன்தோல் புதிதாக வெடிக்க ஆரம்பித்தால், மற்ற எதற்கும் முன்னால் சுகர் டெஸ்ட். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அடுத்து, உங்கள் மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் என்று ‘கிளிஃப்ளோசின்’ என முடிகிற மருந்து ஏதாவது இருக்கிறதா? இவை ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீரகம் வழியாக வெளியே தள்ளும் மருந்துகள். வெளியே போவது கொஞ்சநஞ்சமல்ல, ஒரு நாளைக்கு 60, 70 கிராம் வரை போகும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உண்மையிலேயே நல்லது செய்கிற மருந்துகள்தான், அதில் சந்தேகமில்லை. 2020இல் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதும் இங்கே பரவலாக எழுத ஆரம்பித்தார்கள். ஆனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று இதன் நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. சீட்டு எழுதும்போது இதைச் சொல்லி அனுப்புகிறவர்கள் குறைவு என்பது என் ஆதங்கம். உங்கள் தொல்லை இந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு தொடங்கியிருந்தால் சுகர் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மனைவியின் அரிப்பும் தனிக் கதையாக இருக்க வாய்ப்பில்லை. உங்களிடமிருந்து அவருக்கு, அவரிடமிருந்து உங்களுக்கு என்று பூஞ்சை மாறி மாறி வந்துகொண்டிருக்கலாம். ஒருவர் மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை, இருவரும் ஒரே சமயத்தில் சிகிச்சை எடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் க்ரீம்களில் பல, பூஞ்சை மருந்தும் வீரியமான ஸ்டீராய்டும் கலந்தவை. போட்ட இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும், உள்ளே பூஞ்சை பதுங்கி இருக்கும். டியூபைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சரி, ஆபரேஷன் கட்டாயம்தானா?

எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. தோல் மென்மையாக இருந்து லேசாக மட்டும் இறுகியிருந்தால், சுகரைக் கட்டுப்படுத்தி, பூஞ்சைக்கு மருந்து கொடுத்து, டாக்டர் மேற்பார்வையில் பீட்டாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு க்ரீமை நாலு முதல் எட்டு வாரம் நுனியில் தடவினாலே தளர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. இருபது வயதுப் பையன்களுக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் முதலில் சொல்வேன். கீழே உள்ள நரம்புபோன்ற மடிப்பு மட்டும் குட்டையாக இருந்தால் அதை மட்டும் நீட்டித் தைக்கலாம், முழுத் தோலையும் எடுக்க வேண்டியதில்லை.

உங்கள் நிலைமை வேறு. சுகர், ஒரு வருடத்து வெடிப்பு, இப்போது பின்னால் தள்ளவே முடியாத இறுக்கம். நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் டாக்டர் சொல்வது சரி என்றே படுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. தோல் தள்ள முடியாதபோது அதற்குள் இருக்கும் உறுப்பின் தலைப்பகுதியை, அதாவது மொட்டு என்கிறோமே, அதைக் கழுவ முடியாது, பார்க்கவும் முடியாது. ஆணுறுப்புப் புற்றுநோய் அபூர்வம்தான். ஆனாலும் வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு நாள்பட்ட முன்தோல் இறுக்கம் இருக்கிறது, மூடிய தோலுக்குள் வளர்ந்து முற்றிய பிறகே தெரிய வருகிறது. உங்களுக்கு அது இருக்கிறது என்று சொல்லவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிகிற நிலை வேண்டும் என்கிறேன்.

அதுவரை ஒரு எச்சரிக்கை. தோலை பலவந்தமாகப் பின்னால் இழுக்காதீர்கள். இழுத்த தோல் மொட்டுக்குப் பின்னால் சுருக்குப்போல மாட்டிக்கொண்டு முன்னால் வராமல் போகலாம். சில மணி நேரத்தில் மொட்டு வீங்கி நீலம் பாரிக்கும். அப்படி ஆனால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நடுராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இந்த வயதில் ஆபத்தில்லையா என்று கேட்டிருந்தீர்கள். பெரியவர்களுக்குச் செய்யும் முன்தோல் நீக்கத்தைப் பற்றி மிகப் பெரிய அளவில், ஒழுங்காகக் கணக்கெடுத்த ஆய்வுகள் ஆப்பிரிக்காவில் நடந்தவை. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஃபார்ம், கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ராக்காய் என்று மூன்று இடங்களில், மொத்தம் பதினோராயிரம் ஆண்கள் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன், பாதிப் பேருக்குப் பிறகு என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். எச்.ஐ.வி. பரவலைத் தடுக்குமா என்று பார்ப்பதே நோக்கம். பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது 50 முதல் 60 சதவீதம் வரை குறைந்தது. ஆணுறையைத் தூக்கிப்போட அது போதாது என்றாலும், அந்த முடிவுகளை வைத்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2007இல் எச்.ஐ.வி. அதிகமுள்ள நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்தது.

நமக்கு வேண்டியது அந்த ஆய்வுகளின் இன்னொரு பக்கம். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது? கிசுமுவில் 1.5 சதவீதம், ராக்காயில் 3.6, ஆரஞ்சு ஃபார்மில் 3.8. பெரும்பாலும் ரத்தக்கசிவு, தொற்று, வீக்கம் போன்றவைதான், சிகிச்சையில் சரியாகிவிட்டன. வயது வந்த பிறகு செய்தால் பேராபத்து என்கிற பயத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

ஆனால் அதை அப்படியே உங்களுக்குப் பொருத்தினால் நான் ஏமாற்றுகிறவன் ஆவேன். ஆரஞ்சு ஃபார்மிலும் கிசுமுவிலும் சேர்ந்தவர்கள் 18 முதல் 24 வயது வரையிலான ஆரோக்கியமான இளைஞர்கள். அவர்களுடைய தோல் நல்ல தோல். உங்களுடையது வெடித்து, தழும்பாகி, மொட்டோடு ஒட்டியும் இருக்கக்கூடிய தோல், அதோடு சுகரும் இருக்கிறது. உங்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு அவர்களைவிடக் கூடுதல், ஆறும் நாட்களும் கூடுதல். அதைக் குறைக்க வழி இருக்கிறது. அதில் பாதி உங்கள் கையில்.

மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் பார்த்துவிட்டீர்களா? 8க்குக் கீழே இருந்தால் நிம்மதியாகத் தேதி குறிக்கலாம். 8.5ஐத் தாண்டினால், சிறுநீர் அடைப்பு மாதிரி அவசரம் இல்லாதபோது, சில வாரம் தள்ளிப்போட்டு சுகரை இறக்கிய பிறகு செய்வதே நல்லது. பலரும் இதில் பொறுமை இழக்கிறார்கள். “சின்ன ஆபரேஷன்தானே சார், இந்த வாரமே முடிச்சிடுங்க” என்பார்கள். முக்கால் மணி நேரத்தில் அறுத்துத் தைத்து அனுப்பிவிட முடியும். அப்புறம் தையல் விட்டுப் புண் திறந்துகொண்டால், மாசக்கணக்கில் கட்டு மாற்றிக்கொண்டிருப்பது அவசரப்பட்டவர்தான்.

கிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு நிறுவனம் 2020இல் இதை வலியுறுத்தியது. அந்த மருந்தோடு பட்டினி இருந்தால், சுகர் அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் அபாயம் உண்டு. நிறுத்திய நாட்களுக்கு வேறு என்ன மருந்து சாப்பிடுவது என்பதை சுகர் டாக்டர் எழுதித் தருவார். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லாவிட்டால் முன்கூட்டியே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி லேசர். உங்களைப் போலவே பத்தில் எட்டுப் பேர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

‘லேசர் சுன்னத், வலியில்லை, தையலில்லை, மறுநாளே வேலைக்குப் போகலாம்’ என்று போஸ்டரில் போட்டிருக்கும். உள்ளே போய் விசாரித்தால் பல இடங்களில் செய்வது ஸ்டேப்ளர் கருவியால். அது கெட்ட கருவி என்று சொல்ல மாட்டேன். மணி மாதிரி ஒரு மூடியை முன்தோலுக்குள் விட்டு மொட்டின்மேல் கவிழ்ப்பார்கள். தோலை அதன்மேல் இழுத்து வைத்து அழுத்தினால், ஒரே அழுத்தில் வெட்டியும் விடும், சுற்றிலும் சின்னச் சின்னப் பின் அடித்தும் விடும். பத்து நிமிட வேலை, ரத்தமும் குறைவு. நல்ல தோலுள்ள இளைஞருக்குத் தாராளமாகச் செய்யலாம். பின்கள் இரண்டு மூன்று வாரத்தில் தானாக விழும், விழாமல் புதைந்துபோன ஒன்றிரண்டை அப்புறம் பிடுங்க வேண்டி வரும், அவ்வளவுதான்.

உங்களுக்கு விஷயம் வேறு. மணியை உள்ளே விடுவதற்கே முன்தோல் திறக்க வேண்டும், உங்களுக்குத் திறக்கவில்லை. முதலில் கத்தியால் கீறித்தான் விட முடியும். கெட்டியான தழும்புத் தோலில் பின் சரியாகப் பிடிக்காமலும் போகலாம். எந்தத் தோல் நோயுற்றது, எது நல்லது என்று கண்ணால் பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் எடுப்பது உங்களுக்கு முக்கியம். அதற்குக் கத்தி, கத்தரி, தானாகக் கரையும் நூல் என்கிற பழைய முறைதான் தோது. நிஜமாகவே லேசரால் வெட்டினாலும் புண் புண்தான், ஆறும் நாளும் அதே நாள்தான். கூடுதலாக ஆவது பில் மட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் அன்றாடம் நடக்கிறது, அங்கே போகக் கூச்சப்பட வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் ஒன்று கவனியுங்கள். பல பாலிசிகளில் முன்தோல் நீக்கம் விலக்குப் பட்டியலில் இருக்கும், நோய்க்காகச் செய்தால் மட்டும் பணம் தருவார்கள். டாக்டரின் குறிப்பில் நோயின் பெயரும் காரணமும் தெளிவாக எழுதியிருக்கட்டும்.

ஆபரேஷனுக்கு உங்கள் வயதில் மயக்க மருந்து அவசியமில்லை. ஆணுறுப்பின் அடிப்பகுதியில் மரத்துப்போகும் ஊசி இரண்டு மூன்று இடத்தில் போடுவார்கள். அந்த ஊசிதான் அன்றைய வலி. அதுவும் கொஞ்ச நேரம் சுருக்கென்று எரியும். ஐந்து நிமிடம் கழித்துக் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்கள். தொடுவது தெரியும், வலி தெரியாது. பயம் தாங்காதவர்களுக்கு லேசான தூக்க மருந்தோ முதுகில் ஊசியோ உண்டு. அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம். ஊசியின் மரப்பு நாலைந்து மணி நேரம் நிற்கும். அது விடும் வரை காத்திருக்காமல், வீட்டுக்கு வந்ததுமே பாராசிட்டமால் போட்டுக்கொள்ளுங்கள். வலி ஏறிய பிறகு அடக்குவது கஷ்டம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் சுகர்காரரின் சிறுநீரகத்துக்கு ஆகாமல் போகலாம், கேட்காமல் போடாதீர்கள்.

முதல் இரண்டு நாள் கட்டு இருக்கும். சிறுநீர் பட்டு நனைந்தால் பதற வேண்டாம். கட்டைப் பிரிக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு மெதுவாக எடுக்க வேண்டும். காய்ந்த துணியை வெடுக்கென்று இழுத்து, ஒட்டியிருந்த ரத்தக்கட்டும் பெயர்ந்து மறுபடி ரத்தம் வந்து ஓடி வருகிறவர்கள் அதிகம். பிரித்த பிறகு முதல் தடவை கீழே பார்க்கும்போது பலருக்கும் தலை சுற்றும். உட்கார்ந்துகொண்டே பாருங்கள். மொட்டு கன்றிச் சிவந்திருக்கும், தோல் நீலம் பாய்ந்திருக்கும், தையல் வரிசைக்குக் கீழே, அடிப்பக்கத்தில், தண்ணீர் கோத்த மாதிரி ஒரு வீக்கம் தொங்கும். மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் வீக்கம் உச்சத்துக்குப் போகும். ‘ஏதோ தப்பாகிவிட்டது’ என்று போன் வருவது அந்த நாட்களில்தான். மேலே உள்ள வீக்கம் இரண்டு வாரத்தில் வற்றும், அடிப்பக்கத்து வீக்கத்துக்கு ஆறு வாரம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

மொட்டின் மேலும் தையலோரத்திலும் மஞ்சளாகப் பாலாடை மாதிரி படியும். அது சீழ் அல்ல, புண் ஆறும்போது படிகிற இயல்பான படலம். சுரண்டாதீர்கள். சீழ் என்றால் கெட்ட வாடை வரும், வலி குறையாமல் நாளுக்கு நாள் கூடும், சுற்றியுள்ள தோல் சிவந்து சூடாகும்.

இத்தனை வருடம் மூடியிருந்த மொட்டு துணியில் பட்டதும் கூசும். லுங்கியில் உரசினாலே உடம்பு சிலிர்க்கும் என்பார்கள். லுங்கியில் தளர்வாக விடுவதைவிட, கொஞ்சம் இறுக்கமான ஜட்டி போட்டு உறுப்பைத் தொப்புள் பக்கம் மேல்நோக்கி வைப்பது நல்லது. வீக்கமும் சீக்கிரம் வற்றும், உரசலும் இருக்காது. மொட்டின்மேல் பெட்ரோலியம் ஜெல்லி தடவிய மெல்லிய துணியை வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று வாரத்தில் கூச்சம் பழகிவிடும்.

எல்லோரையும் பாடாய்ப்படுத்துவது ராத்திரி விறைப்பு. இது ஆசையால் வருவதல்ல. தூக்கத்தின் சில கட்டங்களில் ஆரோக்கியமான எந்த ஆணுக்கும் ஓர் இரவில் மூன்று நாலு முறை தானாக வரும். தையல் போட்ட தோலில் அது வந்தால் சுரீரென்று இழுத்து எழுப்பிவிடும், விடியற்காலையில் அதிகம். எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, வெறும் தரையில் நாலு நடை நடந்தால் அடங்கும். மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் முழங்காலை மடக்கிப் படுங்கள், படுக்கும் முன் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐஸை நேரடியாக அங்கே வைக்காதீர்கள். தையல் பிய்ந்துவிடுமோ என்று பயப்படுவார்கள். சாதாரண விறைப்புக்குப் பிய்யாது. ஒன்றிரண்டு தையல் விட்டுச் சின்ன இடைவெளி விழுந்தாலும் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும்.

இரண்டு நாள் கழித்துக் குளிக்கலாம். சோப்பு நுரை பட்டால் தண்ணீரால் கழுவிவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், யாரோ சொன்ன மூலிகைப் பொடி எதுவும் புண்ணில் வேண்டாம். கொடுத்த களிம்பு மட்டும். பத்தியம் பற்றி வீட்டில் ஒரு பட்டியலே வரும்: கத்திரிக்காய் கூடாது, மீன் கூடாது, முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும். புண் ஆறுவதற்குப் புரதம்தான் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல் எல்லாம் சாப்பிடுங்கள். உங்களுக்கு உள்ள ஒரே பத்தியம் சுகர். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் ஹார்லிக்ஸையும் ஆப்பிள் ஜூஸையும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

லீவுக்கு வருவோம். மேஜை வேலை என்றால் நாலைந்து நாளில் போய்விடலாம். உங்களுக்கு பைக். முதல் பத்து நாள் ஏறவே வேண்டாம், இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. குண்டும் குழியுமான ரோட்டில் சீட்டில் குலுங்கினால் வீக்கம் மறுபடி ஏறும். மூட்டை தூக்குவதும் இரண்டு மூன்று வாரத்துக்கு வேறு ஆள் பார்க்கட்டும். தீபாவளி, பொங்கல் சரக்கு நெருக்கடியில் தேதி வாங்காதீர்கள். லீவு போட்டும் வீட்டில் உட்கார மாட்டீர்கள்.

உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரங்கள் சில. சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டால். இடையிடையே எடுத்து எடுத்துப் பார்த்தால் அழுத்தியதாகக் கணக்கில்லை. சிறுநீர் வரவில்லை என்றாலோ, மொட்டு கருத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ. சுகர் உள்ளவர் என்பதால் இன்னொன்றையும் சேர்க்கிறேன்: விதைப்பை வீங்கி, சிவப்பு மேலே பரவி, பார்ப்பதற்குத் தோன்றுவதைவிடப் பல மடங்கு வலித்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். வேகமாகப் பரவிச் சதையை அழுகவைக்கும் தொற்று ஒன்று உண்டு. மிக அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து, சீக்கிரம் வந்தால் காப்பாற்றலாம்.

ஆண்மை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். விறைப்புக்கு வேண்டிய நரம்பும் ரத்தக்குழாயும் முன்தோலில் இல்லை. விந்துவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிசுமுவில் ஆபரேஷன் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் இரண்டு வருடம் தொடர்ந்து கேட்டுப் பார்த்ததில், தாம்பத்தியச் செயல்பாட்டில் வேறுபாடு தெரியவில்லை. செய்துகொண்டவர்களில் 64 சதவீதம் பேர் உணர்ச்சி முன்பைவிட நன்றாகவே கூடியிருப்பதாகச் சொன்னார்கள். ராக்காயில் மனைவிமாரையும் கேட்டார்கள். 39.8 சதவீதம் பேர் முன்பைவிடத் திருப்தி என்றார்கள், 57.3 சதவீதம் மாற்றமில்லை என்றார்கள், குறைந்துவிட்டது என்றவர்கள் 2.9 சதவீதம். அந்தச் சிலரும் நிஜம்தான். மொட்டின் உணர்ச்சி மட்டுப்பட்டதாகச் சொல்லும் ஆண்களும் இருக்கிறார்கள். ஆனால் சேரும்போதெல்லாம் தோல் வெடித்து ரத்தம் வருகிற உங்களுக்கு, வலியில்லாமல் சேர முடிவதே பெரிய மாற்றமாக இருக்கும்.

ஒன்றை மட்டும் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இப்போதே விறைப்பில் குறை ஏதாவது இருக்கிறதா? எட்டு வருட சுகரில் அது இருந்தால் ஆச்சரியமில்லை, அதற்கும் சிகிச்சை உண்டு. முன்பே சொல்லாமல் விட்டால், பின்னால் எல்லாப் பழியும் இந்த ஆபரேஷன் தலையில் விழும்.

ஆறு வாரம் சேரக் கூடாது, சுயஇன்பமும் கூடாது. சுகர் இருப்பதால், ஆறு வாரம் முடிந்ததும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டி, முழுக்க ஆறிவிட்டது என்று அவர் சொன்ன பிறகு போங்கள். வெளியே பார்க்க ஆறிவிட்ட மாதிரி தெரியும். அவசரப்பட்டு நாலாவது வாரத்தில் தையல் வரியைப் பிளந்துகொண்டு வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், “நல்லாத்தான் இருந்துச்சு சார்.” முதல் சில தடவை ஆணுறையும் நீர்த்தன்மையான ஜெல்லும் உபயோகித்தால் உரசல் குறையும். இந்த விவரத்தை மனைவிக்கும் சொல்லிவிடுங்கள், முடிந்தால் டாக்டரிடம் போகும்போதே அவரையும் கூட்டிப் போங்கள்.

அம்மாவிடம் சொல்வது பற்றி. முஸ்லிம் குடும்பங்களில் இது மார்க்கக் கடமை, சின்ன வயதிலேயே முடிந்துவிடும். உங்களுக்கு இது வைத்தியம். கண்ணில் புரை வந்தால் எடுக்கிறோம், அதில் யாரும் சாதி மதம் பார்ப்பதில்லை. என்னிடம் இதைச் செய்துகொண்டவர்களில் எல்லாச் சமூகத்தாரும் உண்டு, உங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கலாம், சொல்லிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான். அம்மாவுக்கு முழு விவரம் தேவையில்லை. ‘சிறுநீர் வழியில் சுகரால் வந்த புண், சின்ன ஆபரேஷன், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுவேன்’ என்று சொல்லுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

கடைசியாக ஒன்று. எடுத்த தோலைக் குப்பையில் போடாமல் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளையாகக் கெட்டிப்பட்ட தோலில் லைக்கன் ஸ்க்லீரோசஸ் என்கிற நாள்பட்ட தோல் நோய் இருக்கலாம். அது முன்தோலோடு நிற்காமல் சிறுநீர்த் துவாரத்திலும் இறங்கி, பின்னாளில் அதைச் சுருக்கிவிடலாம். பத்து நாளில் ரிப்போர்ட் வரும். பலர் புண் ஆறியதும் அதை வாங்கவே போவதில்லை. நீங்கள் போய் வாங்குங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். அந்த நோய் இருக்கிறது என்று வந்தால் களிம்பும், வருடத்துக்கு ஒரு முறையாவது பரிசோதனையும் தேவைப்படும். இல்லை என்று வந்தாலும் சிறுநீர் போகும் வேகம் குறைந்தாலோ, இரண்டாகப் பிரிந்து போனாலோ அடுத்த மாதமே வந்து காட்டுங்கள்.